அரை நூல்

ஐந்தாம் நாள் தையல் பிரித்தபோது அந்தச் சின்ன அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சன்னலோரச் சாய்வு நாற்காலியில் கண்ணாடிக் கடைக்காரர், மல்லாந்தபடி. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து முக்காலியில், மடியில் பையோடு அவர் மனைவி. கடைக்காரரின் தலைமாட்டில் உருளை வைத்த ஸ்டூலில் டாக்டரம்மா. நர்ஸம்மா மட்டும் நின்றார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

சட்டத்தில் பொருத்தும்போது உடைந்த கண்ணாடி, கடைக்காரரின் மேலுதட்டைக் குறுக்கே பிளந்திருந்தது. உள்ளே தசைக்கு மூன்று, மேலே ஏழு என்று தைத்தவர் டாக்டரம்மாதான். மேல் தையல் ஏழையும் பிரித்ததும் கடைக்காரர் கைக்கண்ணாடியை வாங்கி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அரை நூல் ஏறியிருக்கு, டாக்டர்."

தோலும் உதட்டுச் சிவப்பும் சந்திக்கும் கோட்டில், தழும்பின் ஒரு பக்கம் சின்னதாக ஒரு படி. சட்ட வேலைக்காரர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல்; இது அதில் பாதி. நாளெல்லாம் சட்டத்துக்குள் கண்ணாடி ஒழுங்காக உட்கார்ந்ததா என்று பார்க்கிற கண் அது. அதற்கு டிமிக்கி கொடுக்க முடியாது.

"வீக்கம் இன்னும் இருக்கு. வடியட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

"இவராலதான் டாக்டர்" என்றாள் மனைவி. "ஊசின்னாலே இவருக்கு உசுரு போயிடும். ஆடித் தொலைச்சிருப்பாரு. இத்தனை வருஷத்துல இந்த வாயைத் தைக்க ஒரு ஆள் கிடைச்சாங்க, அதையும் ஒழுங்காத் தைக்க விடலை பாருங்க."

"ஆடியிருப்பேன் போல" என்றார் கடைக்காரர், உதட்டை அசைக்காமல். "அசையாதீங்கன்னு சொன்னீங்களே டாக்டர். தப்பா எடுத்துக்காதீங்க."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி களிம்பை எத்தனை வேளை போடுவது என்று கேட்டாள். அதற்குப் பதில் சொன்னதோடு சரி. இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

உதடு தைப்பதில் முதல் விதி ஒன்று உண்டு. மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்பே, காயத்தின் இரு பக்கமும் உதட்டுக் கோட்டில் மையால் புள்ளி வைத்துவிட வேண்டும். ஊசி ஏறினால் சதை உப்பி, கோடு வெளிறிவிடும். முதல் தையல் அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்க வேண்டும். தைத்த அன்று வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா அவசரத்தில் மை வைக்காமலே ஊசியைப் போட்டுவிட்டார். அப்புறம் கோட்டைக் குத்துமதிப்பாகத்தான் சேர்க்க முடிந்தது.

"அவர் ஆடவே இல்லை" என்றார் டாக்டரம்மா.

"இல்லைதான். தலையைப் பிடிச்சிருந்தது நானாச்சே. கல்லு மாதிரி கிடந்தாரு." நர்ஸம்மா இடுக்கிகளைத் தட்டில் போட்டார். "மை வைக்கலைன்னு நானும் பார்த்தேன் டாக்டர். அதுக்குள்ள ஊசி ஏறிடுச்சு. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார்.

"அடுத்த வாரம் வருவாருல்ல, அப்ப நேர்ல சொன்னா ஆகாதா? கடுதாசி எதுக்கு?"

"அது வரைக்கும் அந்தம்மா அவரை விட்டு வைக்கணுமே. காகிதமா இருந்தா நீட்டிக் காட்டலாம்."

'சில சமயங்களில் இப்படி நேர்வதுண்டு' என்று தொடங்கியதை அடித்தார். 'நேர்ந்துவிட்டது' என்று எழுதி, அதையும் அடித்தார். புதுத் தாளில் எழுதினார்:

'தையலின்போது நீங்கள் அசையவில்லை. ஊசிக்கு முன் உதட்டுக் கோட்டைக் குறிக்காதது என் பிழை. நீங்கள் பார்த்த அரை நூல் உண்மை. வீக்கம் வடிந்தாலும் அது மறையாது. தழும்பு இளக ஆறு மாதம் போகட்டும். பிறகு பிரித்துச் சரியாகச் சேர்க்கலாம். என்னிடம் வர மனமில்லை என்றால், வேறொருவருக்குக் குறிப்பு எழுதித் தருகிறேன்.'

நர்ஸம்மா உறையை நீட்டினார். "யார் பேருக்கு?"

"ரெண்டு பேர் பேரும் போடுங்க. அந்தம்மா பேரு முதல்ல."

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு, தாளை மூன்றாக மடித்து உள்ளே வைத்தார். பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுவதும் அழுத்தினார். அன்றைய கடிதங்களைத் தபாலில் சேர்க்க எடுத்துப்போகும் ஆஸ்பத்திரி ஆள் வாசலில் நின்றார். உறை அவர் கைக்குப் போனது.