ஒயரின் மறுமுனை

மனைவி குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டான். நாளெல்லாம் அப்படி என்னதான் கேட்கிறாள் என்று, நாளை ரயிலேறுவதற்கு முன் ஒருதடவை தெரிந்துகொள்ளத் தோன்றியது. ஒயரின் முனையைத் தையல் மிஷின்மேல் கிடந்த அவளுடைய ஃபோனில் செருகப் பார்த்தான். அடியில் சார்ஜருக்கான தட்டைத் துளை மட்டும் இருந்தது. மேலே பார்த்தான், பக்கவாட்டில் தடவிப் பார்த்தான். ஹெட்போனுக்கு ஓட்டையே இல்லை.

போன வாரம் அவனே வாங்கித் தந்த ஃபோன். "இப்ப வர்ற எதுலயும் அது கிடையாது சார், எல்லாம் ஒயர் இல்லாததுதான்" என்று கடைக்காரர் கூடவே இரண்டு குட்டி இயர்பட்களையும் தலையில் கட்டியிருந்தார். அவள் திறந்து பார்த்து, "சட்டைக்குப் பட்டனா தைச்சிடலாம் போலிருக்கே" என்று சிரித்து, அலமாரியில் வைத்தாள். மறுநாளும் பழைய ஒயரே அவள் காதிலிருந்து இறங்கி நைட்டிப் பாக்கெட்டுக்குள் போனது. அவன் பார்த்தான். யோசிக்கவில்லை.

புதன்கிழமை இதே அறையில், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அக்காவிடம் ஃபோனில் பேசினான்.

"அவ பக்கத்துல இருக்காளாடா?"

"இருக்கா. காதுல மாட்டியிருக்கா, இடி விழுந்தாலும் கேக்காது. நீ சொல்லு."

"அந்த ஒயரு இந்நேரம் காதுல வேர் விட்டிருக்கும்டா."

சிரித்தார்கள். பிறகு சொன்னான், அவளிடம் சொன்னதுபோலக் கம்பெனி மாற்றல் போடவில்லை என்று, தானே கேட்டு வாங்கினான் என்று. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பேச ஒண்ணுமில்ல. மூச்சு முட்டுதுக்கா." மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அவள் கையில் இருந்தது அவனுடைய பேன்ட். புது ஊருக்காக இடுப்பைப் பிரித்துத் தளர்த்தித் தைத்துக்கொண்டிருந்தாள். இரவு வழக்கம்போலப் பரிமாறினாள். வியாழன் அவன் பெட்டியைத் துடைத்தாள். எல்லாம் தெரிந்தா? பழைய ஃபோனில் ஓட்டை இருந்தது. அதில் மட்டும் பாட்டு ஓடியதா? எத்தனை வருஷப் பேச்சு அந்தக் காதில் விழுந்திருக்கும்? உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போனான், திரும்பினான்.

தலையில் துண்டோடு வந்தவள் ஒயரை மாட்டி, முனையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மிஷின்முன் உட்கார்ந்தாள்.

"என்ன பாட்டு?" என்றான், சற்று உரக்க.

ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினாள். "பழசுதான்." திரும்ப மாட்டிக்கொண்டாள்.

நேராகக் கேட்கவில்லை. தன் ஃபோனை எடுத்தான். யாரையும் அழைக்காமலே காதில் வைத்தான்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும்போலிருக்கு. தெரிஞ்சும் பேன்ட் தைச்சுக் குடுத்திருக்கா." மிஷின் நின்றது. அவள் திரும்பவில்லை. "இன்னைக்குள்ள மேனேஜர்கிட்ட வேணாம்னு சொன்னா மாத்திக்கலாம். சொல்லட்டுமா? இல்ல, நான் போறதே அவளுக்கு நிம்மதியா? எனக்குத் தெரியலக்கா."

அக்கா பதில் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்தாள்.

"உங்க அக்கா என்ன சொல்றாங்க?"

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். அவளுடைய கை மிஷின் சக்கரத்தின்மேல் இருந்தது. ஊசி துணிக்குள் பாதி இறங்கி நின்றது.