பொட்டு வைத்த முகங்கள்

ஏழரைச் சங்கு ஊதியபோது ஆண்டாயியை நாற்காலியோடு தூக்கிவந்து தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் இறக்கினார்கள். இடுப்பெலும்பில் புற்று. சிக் லீவில் இருந்தாள். வேலைப் பதிவேட்டில் பேர் இன்னும் வெட்டப்படவில்லை.

குன்னூரிலிருந்து வந்திருந்த டாக்டர் ஜெகதீசன் ஓர் அட்டையை நீட்டினார். ஆறு முகங்கள். முதலாவது சிரித்தது. கடைசி அழுதது.

"உங்க வலி இதுல எந்த மூஞ்சிம்மா?"

ஆண்டாயி கதவருகே நின்ற சூப்பர்வைசர் சுடலைமணியைப் பார்த்தாள். பிறகு சிரிக்கும் முகத்தைத் தொட்டாள்.

"அப்ப மார்ஃபின் இப்போ வேண்டாம். நாலாவது மூஞ்சியத் தாண்டினாத்தான் ஆரம்பிப்போம்."

"ராத்திரியெல்லாம் தலைத்துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குதுங்க" என்றாள் மகள் ரேணுகா. திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "துண்டே கிழிஞ்சு போச்சு. கொண்டாந்து காட்டட்டுங்களா?"

"பேஷண்ட் சொல்றதைத்தான் எழுத முடியும். நம்ம ஆளுங்களுக்குன்னே மாத்தின அட்டை இது. பொட்டுகூட வச்சிருக்காங்க, பாருங்க."

வைத்திருந்தார்கள். அழும் முகத்துக்கும்.

"பொட்டு வச்சா ஆச்சுங்களா?" ரேணுகாவின் குரல் உயர்ந்தது. "காலைல பேர் கூப்பிடற பெரட்டுக்களத்துக்கு வந்து பாத்திருக்கீங்களா? அங்க மூஞ்சி சுளிச்சா அன்னைக்கு வேலை கெடையாது. மறுக்கா சுளிச்சா அன்ஃபிட்டுன்னு பேரை வெட்டுவாங்க. பேர் போனா கம்பெனி குடுத்த லயத்து ஊடும் போச்சு. முப்பது வருசமா எங்கம்மா இந்த மொத மூஞ்சியோடதானுங்க நின்னுச்சு."

சுடலைமணி சிரித்தார். "திருப்பூர்ல யூனியன் மீட்டிங்குக்கெல்லாம் போறியாட்ட இருக்குது."

"நீங்க வெளிய போங்க."

"கம்பெனி டிஸ்பென்சரிம்மா இது. நான் எங்க போறது?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் நின்னா என்ன? ஒரு படத்தைத் தொடறதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?"

ரேணுகா அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். சுடலைமணிக்கு முதுகைக் காட்டி, அவரை மறைத்துக்கொண்டு, அம்மாவின் முன் குந்தினாள்.

"அந்தாளப் பாக்காத. என்னையப் பாரு. ராத்திரி எந்த மூஞ்சி?"

ஆண்டாயியின் விரல் அட்டைமேல் மெல்ல நகர்ந்தது. கறை படிந்த, வெடித்த விரல். அழும் முகத்தின்மேல் வந்து, தொடாமல் நின்றது. மகளின் தோளுக்கு மேலே டாக்டரைப் பார்த்தாள்.

"டாக்டர் ஐயா, இதத் தொட்டா லயத்தக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?"