பழைய மூட்டின் நடைப்பயிற்சி

அமலோற்பவம் டீச்சரின் இடுப்பு மூட்டை மாற்றிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. எடுத்துப்போட்ட பழைய மூட்டுக்குத்தான் பிசியோதெரபி என்று ஆஸ்பத்திரியில் முடிவாகியிருந்தது.

டீச்சருக்கு அது தெரியாது. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். நேரம் தவற மாட்டாள். காலை ஒன்பது மணிக்கு வாக்கரை ஊன்றி ஊன்றிப் பயிற்சி அறைக்கு வந்தாள். கட்டிலில் பழைய மூட்டு படுத்திருந்தது. மஞ்சளாக, ஓரம் தேய்ந்து, கைக்குள் அடங்குகிற அளவு. அவளுடைய பூப்போட்ட போர்வையை அதற்குப் போர்த்தியிருந்தார்கள்.

"நான் எங்க படுக்கணும்?"

பிசியோதெரபிஸ்ட் முத்துமாலை திரும்பினான். "நீங்க யாரும்மா?"

"பேஷண்ட்."

"பேஷண்ட் இந்தா படுத்திருக்காவ. நீங்க கூட வந்தவங்க. பெஞ்சுல உக்காருங்க."

பெஞ்சு தாழ்வாக இருந்தது. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னாள்.

"அது பேஷண்டுக்கு" என்றான் முத்துமாலை.

அவளுக்குக் காது சுட்டது. "ஏய், அறுபத்திமூணு வருசமா அதைச் சொமந்தவ நான்!"

"அவுகளும் அதையேதான் சொல்லுதாவ."

மூட்டு அடக்கமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அங்கிருந்த கிளார்க் நிமிராமல் கேட்டார்.

"இடுப்பு எப்பம் வச்சது?"

"பதினோரு நாளாச்சு."

"அப்பம் உங்க வயசு பதினோரு நாள். மைனர். கார்டியன் கையெழுத்து வேணும்."

மகள் ஜெனிட்டா பயிற்சி அறைக்குக் கஞ்சியோடு வந்தாள். டீச்சர் படிவத்தை நீட்டினாள். ஜெனிட்டா அதைத் தாண்டிப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"இரும்மா. பாவம், வெளிய வந்ததுலேருந்து அது ஒண்ணும் சாப்பிடல."

"அதுக்கு வாயே இல்லட்டி!"

"அதுக்குன்னு பட்டினி போட முடியுமா?"

டீச்சர் வராந்தாவுக்குப் போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் செய்த காலைப் பக்கவாட்டில் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. பத்து தடவை செய்தாள். கூட வந்தவர்கள் உடற்பயிற்சி செய்யக் கூடாது என்றான் வாட்ச்மேன். அவனைப் பார்த்துக்கொண்டே இன்னும் பத்து செய்தாள். மறுநாளும் செய்தாள். ஒரு வாரம் செய்தாள்.

எட்டாம் நாள் மூட்டை டிஸ்சார்ஜ் செய்தார்கள். முன்னேற்றம் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்து மாலை போட்டார்கள். முத்துமாலை கண் கலங்கினான். ஜெனிட்டா அதை ஆட்டோவில் நடு சீட்டில் வைத்தாள். இரண்டு பக்கமும் தலையணை.

"இடம் இல்லம்மா. நீ நடந்து வந்துரு."

டீச்சர் நடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா வாசலோடு முடியவில்லை. அதே மொசைக் தரை, அதே பாதிச் சுவர்ப் பச்சை பெயின்ட். வராந்தா மீன் மார்க்கெட்டுக்குள் புகுந்தது. விற்பவர்கள் கூடைகளைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டார்கள். பிறகு உப்பளங்களுக்கு நடுவே போனது. டீச்சர் ஒவ்வோர் அடிக்கும் ஒருவரைத் திட்டினாள். முதலில் கிளார்க். பிறகு முத்துமாலை. அடுத்து மகள் முறை வந்தது. ஆளை மாற்றி டாக்டரைத் திட்டினாள். நிற்கவில்லை.

நடுப்பகலில் வராந்தா அவளுடைய படுக்கையறையில் வந்து முடிந்தது. ஜெனிட்டா மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டிலின் நட்ட நடுவில் மூட்டு படுத்திருந்தது.

"வலிக்கா?" என்று அது கேட்டது.

இத்தனை நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள்.

"வலிக்கத்தான் செய்யுது. ஒனக்கென்ன?"

"எனக்கு வலிக்கல. அறுபத்திமூணு வருசத்துல இந்தப் பதினெட்டு நாள்தான் வலியில்ல. சும்மா கெடக்குறது என்னமோ மாதிரி இருக்கு."

"ஒங்கதையை யாரு கேட்டா? தள்ளிப் படு."

அது கொஞ்சம் நகர்ந்தது.

"இன்னும்" என்றாள் டீச்சர்.