பராமரிப்பவரின் பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் ரத்தினம்மாள். தலைமாட்டில் நாற்காலி போட்டு அவள் கணவர் அய்யாசாமி. அவருடைய தம்பி முரளிதரன். மகள் தமிழரசி. நகரத்தின் லத்தா பேட்டையில் இருக்கும் உதவிச் சங்கத்திலிருந்து விண்ணப்பத் தாளோடு வந்த ஏஞ்சலா. வேறு யாரும் அங்கே இல்லை. கதவு சாத்தியிருந்தது.

ஏஞ்சலா கதவைத் தட்டியபோது முரளிதரன் அண்ணியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ரத்தினம்மாளுக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு வருஷம். பேச்சில் மிஞ்சியது மூன்று நான்கு சொற்கள்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை பழைய லுங்கி ஒன்றைப் போர்த்திவிட்டு, அதற்கு உள்ளேயே கையை விட்டு டயபரை உருவுவான். ஈரத்துணியால் துடைப்பான், உலர்ந்த துணியால் ஒற்றுவான், புதியதைச் செருகுவான். அவ்வளவு நேரமும் முகம் சுவரைப் பார்த்திருக்கும். கைக்கு வேலை பழகிவிட்டது. இடது இடுப்பெலும்பின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண் வந்திருந்தது. அதன் ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்து, நேற்றைவிடப் பெரிதாகவில்லை என்று தெரிந்துகொண்டு, அவளை வலப்பக்கம் புரட்டினான்.

"முரளி, கைய கழுவிட்டு சட்டையப் போடு. அந்த மூலையில போய் உக்காரு," என்றார் அய்யாசாமி. "தமிழு, நீ அம்மா பக்கத்துல வா. அந்தக் கிண்ணத்தக் கையில எடுத்துக்க."

தமிழரசி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகுதான் கதவு திறந்தது.

ஏஞ்சலாவுக்கு முப்பது வயது இருக்கும். மிஷன் பள்ளியில் படித்தவள். தமிழில் தொடங்கி பர்மியில் முடிப்பாள். வீட்டில் கூலியில்லாமல் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், பெற்றவர் இல்லாத பிள்ளைகளை எடுத்து வளர்ப்பவர்களுக்கும் சங்கம் ஒரு சலுகை அட்டை கொடுப்பதாகச் சொன்னாள். குறிப்பிட்ட மருந்துக்கடைகளில் அதைக் காட்டினால் டயபர், புண்ணுக்குப் போடும் மருந்து, பிரஷர் மாத்திரை எல்லாம் பாதி விலை. மீதியைச் சங்கம் கடைக்காரருக்குத் தந்துவிடும்.

"ஆன்ட்டிய பாத்துக்கிறது யாரு அங்கிள்?"

முரளிதரன் தலையைத் தூக்கினான். அய்யாசாமி அவன் பக்கம் திரும்பவில்லை.

"என் மக. தமிழரசி. எழுதிக்குங்க சயாமா," என்றார், டீச்சரம்மாவைக் கூப்பிடும் பர்மிய மரியாதையோடு.

"அக்கா ஃபேக்டரி போறாங்கன்னு வார்டு ஆபீஸ் லெட்டர்ல இருக்கே?"

"போவா. போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம், எல்லாம் அவதான்."

ஏஞ்சலா தமிழரசியின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். மூலையில் இருந்தவனின் கைகளையும் பார்த்தாள். தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"அங்கிள், ஒண்ணு சொல்லிடறேன். கார்டுல யாரு போட்டோ இருக்கோ அவங்கதான் கடைக்கு வரணும். வேற ஆள் வந்தா யபாடே, பரவாயில்லன்னு விடமாட்டாங்க."

"வருவா."

தமிழரசி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏஞ்சலா தன் போனிலேயே அவளைப் படம் பிடித்துக்கொண்டாள்.

அய்யாசாமி இருபத்திரண்டு வருஷம் அம்மன் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இந்த வீட்டுப் பெண்கள் வேறு ஆண் முன்னால் தலைமுடியை அவிழ்த்துப் போட்டதில்லை என்று சொல்லிக்கொள்கிற வீடு அது. ரத்தினம்மாள் விழுந்தபோது ஒரு பர்மிய அம்மாளைக் கூலிக்கு வைத்தார்கள். கீழ்வீட்டுக்காரர்களிடம், அவள் இன்றைக்கும் வந்து போவதாகவே சொல்லிவந்தார்கள். உண்மையில் அவள் வந்தது இரண்டு மாதம்தான். அதற்குமேல் கொடுக்க முடியவில்லை. அய்யாசாமிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். முரளிதரன் படகுத்துறையில் சரக்கு மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தான். மனைவி இறந்து ஒன்பது வருஷமாகிறது, பிள்ளை இல்லை. வேலையை அவன்தான் விட்டான். யாரும் விடச் சொல்லவில்லை, விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

அட்டை மூன்று வாரத்தில் வந்தது. நீல நிறம், தமிழரசியின் படம், கீழே கட்டம் கட்டமாகக் கறுப்புக் குறி.

மறுநாளே முரளிதரன் அதை எடுத்துக்கொண்டு அமீர் அலியின் மருந்துக்கடைக்குப் போனான். அமீர் அலி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல ரொம்ப அழகா இருக்கீங்க அண்ணே."

"அண்ணன் மக. வேலைக்குப் போயிருக்கு பாய்."

"தெரியுது. நான் குடுத்துடுவேன். சங்கத்துல மாசம் ஒருதரம் வந்து கேமராவப் பாக்குறாங்க. போன மாசம் ஒரு அம்மா கார்டுல அவ தம்பிக்குக் குடுத்தேன். இன்னும் எனக்குப் பணம் வரல." அட்டையைத் திருப்பித் தந்தார். "பாப்பாவ அனுப்புங்க. திங்கள்லருந்து வெள்ளி, ஒம்பதுலருந்து நாலு. அந்த நேரத்துலதான் கார்டு படிக்கிற இந்த மிஷின் வேலை செய்யும்."

தமிழரசி லைங்தாயாவில் ஆயத்த உடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். காலை ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் ஃபெரி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். திரும்பி மாடியேறும்போது ஏழு, ஓவர்டைம் இருந்தால் எட்டு. ஞாயிறு மட்டும் விடுமுறை.

முரளிதரன் அன்று முழு விலைக்கு இரண்டு டயபர் வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு நாளைக்கு மூன்று வேண்டும். மிச்ச நேரத்துக்குப் பழைய லுங்கியைக் கிழித்து நான்காக மடித்து வைத்தான். கரண்ட் வந்து மோட்டார் ஓடினால்தான் மேலே தண்ணீர் ஏறும். ஓடாத நாளில் கீழே குழாயடியில் துவைத்து, ஈரத்துணி வாளியை மூன்று மாடி தூக்கி வந்தான். துணி டயபர் மாதிரி உறிஞ்சாது. ஈரம் தோலிலேயே நின்றது. பொத்தான் அளவு புண் ஒரு மாதத்தில் பாட்டில் மூடி அளவுக்கு வந்தது. நடுவில் மஞ்சளாகக் குழி விழுந்தது.

குழாயடிக்கு எதிரில் தேநீர்க்கடை. அங்கே படகுத்துறை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூட வேலை செய்த செல்வம் ஒருநாள் குரல் கொடுத்தான்.

"என்ன முரளி, துணியெல்லாம் தொவைக்கிற. கையில வளையல் மட்டும் காணோம்?"

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டேன். அவ வளையல நீதான் வித்துக் குடிச்சிட்டன்னா," என்றான் முரளிதரன். இப்போது கடை முழுவதும் சிரித்தது. அவன் வாளியை எடுத்துக்கொண்டு படியேறினான். இரண்டாம் மாடியில் வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான்.

அட்டை வந்த ஆறாவது வாரம் தமிழரசி ஒருநாள் லீவு கேட்டாள். லீவு எடுத்தால் மாதம் முழுவதும் தவறாமல் வருபவர்களுக்குக் கிடைக்கும் தொகை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொன்னாள். போகட்டும் என்று எடுத்தாள். ஒன்பது மணிக்கே கடையில் போய் நின்றாள். அன்று காலையிலிருந்து இணையம் இல்லை. அமீர் அலி மிஷினைத் தட்டினார், அணைத்துப் போட்டார், வாசலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பிடித்தார். மத்தியானம் அவளுக்கு ஒரு முக்காலி கொடுத்தார். நாலு மணிக்கு, "நாளைக்கு வாம்மா," என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, உங்க பேர எழுதியிருந்தா நீங்க தெனமும் போய் வாங்கிட்டு வந்திருப்பீங்க."

"அத விடு."

"ஏன் விடணும்? நான் அம்மாவுக்குத் தலை சீவி விடுறதோட சரி. பாத்துக்கிறவன்னு என் போட்டோ. வெக்கமா இருக்கு."

முரளிதரன் அண்ணன் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷத்தில் அண்ணன் முன்னால் அவன் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அண்ணே, புண்ணு எலும்பு கிட்ட போயிருச்சு. லத்தாவுக்குப் போய் பேர மாத்திட்டு வந்துடறேன்."

"என்னன்னு சொல்லி மாத்துவ?"

"உள்ளத சொல்லி."

"என் பொண்டாட்டிய என் தம்பி கழுவுறான்னு சொல்லியா? அத ஆபீஸ்ல எழுதி வைக்கணுமா? நாளைக்கு ஊரு என்ன பேசும்? அவளப் பத்தி என்ன பேசும்?"

"ஊரு ஏற்கெனவே பேசுதுண்ணே. தொவைக்கப் போறவன் நான். எனக்குத் தெரியும்."

கட்டிலிலிருந்து ரத்தினம்மாளின் குரல் வந்தது. அவளிடம் மிஞ்சிய சொற்களில் ஒன்று அது.

"போதும்," என்றாள். மறுபடியும், "போதும்."

அவள் பார்த்தது கணவரை.

நான்கு வாரம் கழித்துத்தான் அய்யாசாமி கிளம்பினார். அதற்குள் அறையில் புண்ணின் வாடை நிலைத்துவிட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "தனியா போகவேணாம். நானும் வரேன்," என்றார். அண்ணியைப் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டு ஹுஸ்னாவைக் கேட்டார்கள். பர்மிய அம்மாள் எங்கே என்று ஹுஸ்னா கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். மூன்று மாடி இறங்க அய்யாசாமிக்கு இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு படியிலும் முரளிதரனின் தோளைப் பிடித்திருந்தார்.

சங்கத்து வராந்தாவில் இருபது பேருக்குமேல் காத்திருந்தார்கள். பக்கத்தில் சுல்தான் பீவி என்றொரு அம்மாள் மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகளோடு இருந்தாள்.

"பேரப் பிள்ளைங்களா?" என்று கேட்டான் முரளிதரன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. ஆத்தா போய்ட்டா, அத்தா எங்கேன்னே தெரியல. பெத்தவளுக்கு இந்தக் கார்டு கெடையாதாம். வளக்குறவளுக்குத்தான் குடுப்பாங்களாம். அஞ்சு பெத்தேன், ஒண்ணுக்கும் ஒரு கார்டு வரல." சிரித்துக்கொண்டே சின்னதின் மூக்கைத் துடைத்தாள்.

அய்யாசாமியின் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் சங்கத்தின் பொறுப்பாளர், டோ சான் சான் என்ற பர்மியப் பெண்மணி, இருந்தார். பக்கத்தில் ஏஞ்சலா. அய்யாசாமி நாற்காலியில் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பர்மியில் பேசினார். காது மந்தமானவர், குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும். வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நான் தவறாக எழுதிக் கொடுத்தேன். என் மனைவியைப் பார்த்துக்கொள்வது என் மகள் இல்லை. இவன். என் தம்பி. அவளைக் கழுவுவதும் துடைப்பதும் சோறு ஊட்டுவதும் இவன்தான். இரண்டு வருஷமாக. இவன் பெயரைப் போடுங்கள்."

முரளிதரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுல்தான் பீவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க இப்பிடி உக்காருங்க தம்பி," என்று தன் இடத்தைக் காட்டினாள்.

டோ சான் சான் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். விண்ணப்பத்தில் எழுதியது தவறான தகவல் என்று விண்ணப்பித்தவர்களே ஒப்புக்கொண்டால் அட்டையை ரத்து செய்ய வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு யாரும் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பணம் கொடுப்பவர்கள் வைத்த விதி, தான் வைத்தது இல்லை.

"அவர் உண்மையைத்தானே சொல்கிறார் சயாமா," என்றாள் ஏஞ்சலா.

"இப்போது சொல்கிறார்."

"எழுதச் சொன்னது நான்," என்றார் அய்யாசாமி. "தண்டனை இருந்தால் எனக்குக் கொடுங்கள்."

"அட்டை உங்கள் பெயரில் இல்லையே, ஊ அய்யாசாமி," என்று பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்தே சொன்னார்.

அட்டையை வாங்கி, தமிழரசியின் படத்துக்குக் குறுக்கே கத்தரிக்கோலால் வெட்டினார். இரண்டு துண்டையும் கோப்பில் வைத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். அதில் பராமரிப்பவரின் பெயர் என்ற இடம் இருந்தது. ஏஞ்சலா அங்கே முரளிதரனின் பெயரை எழுதினாள். ரத்து செய்யும் தாளில்தான் அந்தப் பெயர் ஏறியது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. லத்தாவின் நடைபாதையில் பழக்கூடைகளுக்கு நடுவே வழி இல்லை. அய்யாசாமி ஒரு மருந்துக்கடை முன்னால் நின்று, சட்டைப் பையைத் தடவி, உள்ளே போய், இரண்டு டயபர் வாங்கி வந்தார். பை கொடுக்கவில்லை. கையிலேயே பிடித்திருந்தார். முரளிதரன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்.

"நான் வச்சுக்குறேன்," என்றார் அண்ணன். கோயிலுக்குப் போடும் சட்டையோடு, எல்லோரும் பார்க்க, பஸ் நிறுத்தம் வரை அதை அவரே எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் பக்கத்து க்யிம்யிண்டைங் சந்தையில் இப்போது பேசிக்கொள்வது இது: அய்யாசாமி வீட்டார் சலுகை விலையில் டயபர் வாங்கி வெளியே விற்றார்கள், சங்கம் கண்டுபிடித்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டது. தேநீர்க்கடையில் செல்வம் இதை, வாங்கிய ஆட்களின் பெயரோடு சொல்கிறான்.

அது உண்மையில்லை. அட்டை அந்த வீட்டில் பத்து வாரம் இருந்தது. அதைக் காட்டி ஒரு டயபர்கூட வாங்கப்படவில்லை.