பற்றறிக்குள் போன தண்ணி

பற்றறிக்குள் கிணற்றுத் தண்ணியை ஊற்றினவன் பரமலிங்கம்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மறைத்தான்.

எண்பத்து நாலாம் ஆண்டு. நெடுந்தீவில் கரண்ட் எட்டாத கரையோரம் ஒன்றில், கல்லூரி மாணவர் நாலு பேர் தாங்களே படம் கீறிக் கட்டிய சின்ன வீடு அது. ஓர் அறை, ஒரு குசினி, கூரையில் இரண்டு சூரியத் தகடு, மூலையில் ஒரு பற்றறி, மூன்று லைற். வெய்யிலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் அவர்களின் பெருமை. அதில் அல்போன்சம்மாவைக் குடியிருத்தினார்கள். பகலில் கருவாடு காயப்போட்டு, பொழுதுபட்டால் ஊராரின் கிழிந்த வலை பொத்திச் சீவிக்கிற மனுசி. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் ஒரு கண் ஏற்கெனவே மங்கிவிட்டது.

மாதம் ஒருக்கால் பற்றறிக்குக் காய்ச்சி வடித்த தண்ணி விடுவது அந்த நாலு பேரில் ஒருவனான பரமலிங்கத்தின் வேலை. வைகாசியில் அந்தப் போத்தலைக் குறிகாட்டுவான் துறையடித் தேத்தண்ணிக் கடையில் மறந்து விட்டுவிட்டு வள்ளம் ஏறிவிட்டான். திரும்பிப் போனால் ஒரு நாள் மினக்கேடு.

அல்போன்சம்மா குடத்திலிருந்து வார்த்துக் கொடுத்த தண்ணியை அண்ணாந்து குடித்தான். தித்தித்தது. வேலணையில் சவர்த் தண்ணியில் வளர்ந்தவன் அவன். நாக்கில் உப்புப் படாத தண்ணி எல்லாம் அவனுக்குச் சுத்தத் தண்ணி. மிச்சத்தைப் பற்றறிக்குள் ஊற்றினான்.

"தம்பி, போத்தல் தண்ணிதான் விடவேணும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"இது ஒண்டும் செய்யாது அக்கா. நல்ல தண்ணிதானே."

அடுத்த மாதமும் அதையே ஊற்றினான். ஆடியில் லைற் மின்மினி மாதிரி ஆகிவிட்டது.

வைத்திலிங்கம் சேர் வந்து பற்றறி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கல்லூரியில் படிப்பிக்கிறவர், இந்த வீட்டுக்கு இறுதிப் புள்ளி போடுகிறவரும் அவர்தான்.

"ஆர் இதுக்குள்ள கிணத்துத் தண்ணி விட்டது?"

பரமலிங்கத்தின் வாய் அவனுக்கு முன்னமே திறந்துகொண்டது. "வீட்டுக்காரர் விட்டிருப்பினம் சேர்."

அல்போன்சம்மா கையில் வலையோடு நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு சேரைப் பார்த்தாள்.

"ஓம் சேர். தெரியாமல் விட்டிட்டன்."

"மனிசி குழம்பெண்டு நினைச்சுத் தண்ணி விட்டிட்டா போல," என்றான் கூடப் படிக்கிற சிவபாதம். எல்லாரும் சிரித்தார்கள். பரமலிங்கமும் சிரித்தான்.

சேர் மூடியை இறுக்கினார். "பாவிக்கத் தெரியாத ஆக்களிட்டைக் குடுத்துப் பிரயோசனமில்லை. கழட்டுங்கோ, கொண்டு போவம்."

அவன் நினைத்தது புள்ளியை மட்டும்தான். தகட்டைக் கழற்றுவார்கள் என்று நினைக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏணியை எடுத்துச் சாத்தினான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அல்போன்சம்மா. "பாத்து இறங்கும், ஓடு வழுக்கும்."

சேரும் மற்றவர்களும் முதல் தகட்டோடு வேலிப் படலையடிக்குப் போய்விட்டார்கள். இரண்டாவதை இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஏன் அக்கா நீங்கள் ஓமெண்டனீங்கள்?"

"பின்னை? படிச்ச பெடியன் நீர் ஒண்டு சொல்ல, மீன்காரி நான் வேற சொன்னால் ஆர் நம்புவினம்? நீரே சொல்லும்."

அவன் குனிந்து தகட்டின் வயரைச் சுற்றினான்.

அவள் குசினிக்குள் போய்ச் செம்போடு வந்தாள். "வெய்யிலுக்குள்ள நிண்டனீர். குடியும்."

அதே தண்ணி. அதே தித்திப்பு. படலையடியிலிருந்து, "என்ன பரமலிங்கம், வள்ளத்தைத் தவற விடப் போறீரோ?" என்று சேர் கூப்பிட்டார். இருபது எட்டுத் தூரம்கூட இல்லை. நடந்து போய் ஒரு வசனம் சொன்னால் போதும்.

குடித்து முடித்தான். செம்பைக் கொடுத்தான். தகட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். "வாறன் சேர்" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

பின்னால் அல்போன்சம்மா பழைய விளக்கைத் தேடி எடுத்து, அதன் கண்ணாடிச் சிமிலியைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.