மேட்டு லயத்துக்கு வராத தண்ணீர்

கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் புதிதாகப் பைப் போட்டு எட்டு மாதமாகியும் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. ஊற்று வற்றிவிட்டது என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கீழே மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டு மறுபடி மலை ஏறினார்கள்.

பேராதனையில் சிவில் எஞ்சினியரிங் படிக்கும் சுலக்ஷனா லீவுக்கு வந்திருந்தாள். அவளும் அந்தத் தோட்டத்துப் பெண்தான், கீழ் லயம். மேட்டு லயத்து றோசலின் அவளிடம் குறைப்பட்டபோது, ஊற்று வற்றியதை யார் அளந்து பார்த்தது என்று கேட்டாள். யாரும் அளக்கவில்லை.

மறுநாள் தோட்டத்துப் பைப் வேலைக்காரன் விஜிதரனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினாள். ஊற்றுத் தண்ணீர் சின்ன சிமெந்துத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்துதான் பைப்பில் இறங்க வேண்டும். விழுகிற தண்ணீரில் வாளியை வைத்து, போனில் நேரம் பார்த்தாள். இருபது லீற்றர் வாளி இருபத்தைந்து செக்கனில் நிறைந்தது. லயத்துத் தண்ணீர்த் தாங்கியில் பைப் முனையில் அதே வாளி நிறையப் பத்து நிமிடமாயிற்று.

"ஊத்து வத்தலண்ணே. நடுவுல எங்கயோ பைப் ஒடஞ்சிருக்கு" என்றாள்.

ஓடையோரம் மண் ஈரமாக இருந்த இடத்தில் இரண்டு நாள் தோண்டினார்கள். பைப் ஒரு துளி கசியாமல் முழுசாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சுலக்ஷனா தனியாக ஊற்றுக்குத் திரும்பிப் போனாள். தொட்டியின் பின்பக்கம் தண்ணீர் வழிந்து புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வருவதை அளந்திருந்தாள், சேருவதை அளந்திருந்தாள். வழிவதை அளக்க மறந்திருந்தாள். இப்போது அளந்தாள். வந்த தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் வழிந்துகொண்டிருந்தது. வழியில் எதுவும் தொலையவில்லை. தண்ணீர் பைப்புக்குள் சரியாகப் போகவே இல்லை.

அன்று பின்னேரம் மேட்டு லயத்து வாசலில் நின்று சொன்னாள்: "நான் சொன்னது தப்புங்க. பைப் ஒடயல. எதுவோ தண்ணிய உள்ள போக விடாம தடுக்குது. எனக்கு இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

இந்தப் பிள்ளையை நம்பலாம் என்று தனக்குத் தோன்றியது அந்த நேரத்தில்தான் என்று விஜிதரன் பிறகு சொன்னான். பைப் பார்க்க எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். தப்பு தன்னுடையது என்று சொன்ன ஒருவரை அவன் கண்டதில்லை.

மேசன்மார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பைப் போன வழியெல்லாம் பத்தடிக்கு ஒரு தரம் உயரம் பார்த்தார்கள். ஒரு முனையை விஜிதரன் பிடித்தான். மறுமுனையைப் பிடிக்க றோசலின் வேலை முடிந்து வந்தாள். தூறலும் பனிமூட்டமும் விடவில்லை, காலெல்லாம் அட்டை. சுலக்ஷனா ஒவ்வோர் உயரத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தாள்.

இரண்டாம் நாள் அந்தக் கோட்டில் ஒரு திமில் எழுந்தது. பைப் ஒரு பாறைக்கு மேலால் ஏறி இறங்கிய இடம் அது. ஊற்றைவிட மூன்று மீற்றர் தாழ்வுதான், தண்ணீர் தானாகத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பள்ளம்.

"இந்த மேட்டுல காத்து மாட்டிக்கிச்சுண்ணே. வெளிய போக வழியில்ல. அதான் தண்ணிய மறிச்சுக்கிட்டு நிக்குது" என்றாள்.

விஜிதரன் பாறைக்கு மேலே பைப்பில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய்த்திருகைப் பொருத்தினான். அதைத் திறந்ததும் காற்று சீறியது. வெகு நேரம் சீறி, பிறகு துப்பித் துப்பி, கடைசியில் தண்ணீராகவே பீய்ச்சியது. மூடிவிட்டு மூவரும் தாங்கிக்கு இறங்கி ஓடினார்கள். பைப் முனையில் தண்ணீர் கைப்பருமனில் விழுந்துகொண்டிருந்தது. றோசலின் கையை நீட்டி நனைத்து, அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், காற்று தானாக வெளியேறும் வால்வு ஒன்றை அங்கே பூட்டினார்கள். சுலக்ஷனா பேராதனைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில் தண்ணீர் குறைந்தால் விஜிதரனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் வருவது, சேருவது, வழிவது மூன்றையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுகிறான்.