வாசலோடு போனவர்கள்

"இப்பதான் கண்ணசந்தா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே, பாதி திறந்த கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார் காயில்காரர்.

வெளியே டைப் டீச்சரும் ரொட்டி வண்டிக்காரரும் இன்னும் இரண்டு சபைப் பெண்களும் நின்றிருந்தார்கள். தட்டச்சுப் பள்ளியை மூடி எத்தனையோ வருஷமாகியும் அந்த அம்மாளை விட்டு டீச்சர் பட்டம் போகவில்லை. இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்க்கப் போன டீச்சர், மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தூங்கட்டும் அண்ணே. எழுந்திரிச்சா நாங்க வந்துட்டுப் போனோம்னு மட்டும் சொல்லுங்க."

படியில் நின்றபடியே தலைகுனிந்து ஜெபம் செய்தார்கள். உதடு மட்டும்தான் அசைந்தது. பிறகு செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்கள்.

கட்டிலில் மனைவி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். யார் வந்தது என்று கேட்டாள். எதிர் வீட்டுக்கு வந்தவர்கள் கதவு மாறித் தட்டிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை. பழகிப் போயிருந்தது.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில், காயில்காரர் என்ற பெயர் அதனால் வந்தது. சுற்று எண்ணும்போது யாரும் பேசக் கூடாது, பேசினால் கணக்குத் தப்பிவிடும். கடையில் வந்த அந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் குடியேறிவிட்டது. பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மனத்தாங்கலோடு ஒதுங்கியிருந்தார்கள். அவருக்கு அவள் ஒருத்தி போதும். அவளுக்குத்தான் அது போதவில்லை.

அவள் சபைக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் வாரத்தின் நடுவில் ஜெபக்கூட்டம், நோயாளிகளைப் பார்க்கப் போவது, யாருக்காவது பிரசவம் என்றால் துணைக்கு நிற்பது. அவரும் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான், அங்கே கல்யாணம் கட்டியவர்தான். கல்யாணத்தன்று வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். அவள் மூடிவைத்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவாமல் அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுவார். சண்டை அதற்கு மேல் போனதில்லை.

நோய் வந்தது. அவள் படுத்தாள். கடையை மூடிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குளிப்பாட்டினார், புரட்டிப் படுக்கவைத்தார், ஸ்பூனால் பால் ஊட்டினார். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முழுசாகத் தன் கைக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டதில்லை. சபைக்காரர்கள் முதல் தடவை வந்தபோது அவள் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை தூங்கவில்லை. அவள் கைபேசி கூடத்து அலமாரியில், அவர் சத்தத்தை அணைத்துவைத்தபடியே கிடந்தது.

அன்று மத்தியானம், டீச்சரும் மற்றவர்களும் படியிறங்கிப் போன சற்று நேரத்தில், அவள் மூச்சு வேறு மாதிரி வந்தது.

"என்னங்க" என்றாள். "எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுறீங்களா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நீயே பண்ணிக்கோ."

"வார்த்தை வரமாட்டேங்குது."

ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்கூட எட்டிப் பார்க்கலையே. என்னவோ, யாருமே வரலை."

"ஆளாளுக்கு வேலை இருக்கும்."

"ஆமா, பாவம்" என்றாள்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஓடிப்போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாம். அப்படி ஒரு நினைப்பு வராமல் இல்லை. கூப்பிட்டால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் வெளியே வந்துவிடும். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பால் சூடாக்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு அவருக்கென்று ஒரு மனிதர்கூடக் கிடையாது. கடைசியில் அவள் கைபேசியை எடுத்து டீச்சரைத்தான் கூப்பிட்டார்.

பால் ஆறுவதற்குள் வந்துவிட்டார்கள். பெண்கள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் குளிப்பாட்டி உடுத்தினார்கள். ரொட்டி வண்டியில் நாற்காலிகள் வந்து இறங்கின, பெட்டியும் அதிலேயே வந்தது. அடுப்படியில் யாரோ தேநீர் போட்டார்கள். அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு வேலை சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கமாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றார்கள். பிடித்த கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் அவர் நின்றார்.

மறுநாள் அடக்க ஆராதனையில் போதகர் பேசினார். அவர் கள்ளமில்லாத மனிதர். தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். "நம்ம சகோதரர், அந்த அம்மாவோட தூக்கம் கலையக் கூடாதுன்னு வாசல்லயே காவல் நின்னாராம். அன்புன்னா அதுதான்." பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். காயில்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறையில் மண் போடச் சொன்னபோது, அள்ளிய கையை விரிக்காமல் அவர் நின்றதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் அடுப்படியில் சபைக்குச் சொந்தமான கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். காயில்காரர் துடைத்து அடுக்கினார். ஒன்றைத் துடைத்தவர் அதைக் கீழே வைக்காமலே நின்றார்.

"அவ தூங்கலை" என்றார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து. அதுக்கு முன்னாடியும்தான். முழிச்சுத்தான் இருந்தா. நான்தான் உங்களை வாசலோட அனுப்பிட்டேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் அதை மூடினார்.

"எங்களைக் கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"யாருமே வரலைன்னு சொன்னா. நானும் ஆமான்னு இருந்துட்டேன்."

டீச்சர் கையிலிருந்த டம்ளரைத் தொட்டிக்குள் வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார், விரல் விரலாக. பிறகு அவரைத் தாண்டிக்கொண்டு நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மீதி டம்ளர்களைக் காயில்காரர் தனியாகக் கழுவினார்.

இனி ஊரே காறித் துப்பும் என்று அவர் காத்திருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. ரொட்டி வண்டிக்காரர் காலையில் போகிற போக்கில் கடையில் ஒரு ரொட்டி வைத்துவிட்டு, சற்று உட்கார்ந்துவிட்டுப் போனார். போதகர் வந்தார். கூட வந்த பெண்கள் எப்போதும் போலத்தான் அண்ணே என்றார்கள். டீச்சர் மட்டும் வரவில்லை. அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவருக்கு மெல்லத்தான் விளங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஒரு நாள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எண்ணிக்கை போனது. ஜெபம் என்று அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை. அடுப்படியில் டீச்சரிடம் சொன்னதையே, எரிந்த மோட்டாரைப் பார்த்தபடி இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை வரைக்கும் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆண்டவரே, நான்தான், என்பதோடு நின்றுவிட்டார். பிறகு சுற்றியதை அவிழ்த்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனார். வண்டிக்காரர் வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆச்சரியத்தைக் காட்டாமல் ஒன்றை இவர் கையிலும் வைத்து, உள்ளே போகும்படி முகவாயால் காட்டினார். இடமில்லாத அளவுக்குக் கூட்டம். சுவரோரம் டீச்சர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் மட்டும் ஓர் ஆள் இடம் இருந்தது. அதில் டீச்சரின் கைப்பை இருந்தது. அது மனைவி உட்கார்ந்துவந்த இடம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டு தொடங்கி எல்லோரும் எழுந்தார்கள். முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடைபாதையில் அவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வந்த வழியே போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தார்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டிப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெரிய பை. மடியில் சரியாக நிற்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்த பிறகும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போதகரையே பார்த்துக்கொண்டிருந்தார்.